கேக் மாஸ்டர் தின்னாத க்ரீம்

பேக்கரியில் கேக்கின்மேல் க்ரீமால் ரோஜாப்பூ போடுகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பூப்போட்டே பாதி ஆயுளை ஓட்டியவர். சர்க்கரை நோய் வந்ததிலிருந்து, விரலில் ஒட்டிய க்ரீமைக்கூட நாக்கில் வைக்காமல் துணியில் துடைத்துவிடுவார். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் உலகத்தில் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை.

கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்துக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் இன்சுலின் அளவை ஏற்றினார். சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை.

"என்னதான் சாப்பிடுறீங்க?"

"நீங்க எழுதிக் கொடுத்ததுதாம்மா."

"எங்க வேலை?"

"பேக்கரில."

டாக்டரம்மா பேனாவை மூடினார். விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. "இப்படியே போனா விரலை எடுக்க வேண்டியதுதான்."

வீட்டில் அதைவிடப் பெரிய நீதிமன்றம். மாலையானால் மனைவி சட்டையை முகர்ந்து பார்ப்பாள். நாள் முழுக்க வெனிலாவில் நின்றவன் சட்டையில் வேறென்ன மணக்கும்?

"நாக்கை அடக்க முடியாத மனுஷனுக்கு விரல் எதுக்கு?" என்பாள்.

சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அடுத்த முறை மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். "ஆமாம்மா, திருட்டுத்தனமா தின்னுறேன்" என்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நோயாளி என்றால் இப்படி மனம்விட்டுப் பேச வேண்டும் என்று மெச்சிக்கொண்டார். மெச்சிய கையோடு இன்சுலினை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

அப்போதுதான் சர்க்கரை கட்டுப்படாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் சிஸ்டர் கையில் பையோடு மாஸ்டரின் ஒற்றை அறைக்கு வந்தார். ஒளித்துவைத்த இனிப்பைப் பிடிக்கும் உத்தேசத்தோடு டப்பாக்களைத் திறந்து பார்த்தார். மனைவி கூடவே நின்று, தேட மறந்த டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் சிக்கவில்லை.

"ஊசி மருந்து எங்க?"

"குளிர்ச்சில வைக்கச் சொன்னீங்களே சிஸ்டர். நம்மகிட்ட ஃப்ரிட்ஜ் ஏது? எதிர்ல ஐஸ்க்ரீம் கடைல பத்திரமா இருக்கு, வாங்க" என்றார் மாஸ்டர். கலைந்த டப்பாக்களை அடுக்க மனைவி வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

கடைக்கார அண்ணன் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு குப்பியை எடுத்தார். பனி படிந்து வெளுத்திருந்தது.

"மாஸ்டர் உயிர் விஷயமாச்சே சிஸ்டர்! மேல வைப்பேனா? அடியில, கல்லு மாதிரி இறுகுற இடத்துல வச்சிருக்கேன்."

"ஒவ்வொரு வேளையும் உள்ளங்கைல வச்சு உருக்கித்தான் போட்டுக்குவேன்" என்றார் மாஸ்டர் பெருமையாக.

சிஸ்டர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "உறைஞ்ச இன்சுலின் வேலை செய்யாது மாஸ்டர். நீங்க இத்தனை நாளும் தண்ணியைத்தான் குத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

அண்ணன் குப்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தானே வச்சேன்" என்று முனகினார்.

சிஸ்டருக்கு அதற்குள் வேறு பயம் வந்துவிட்டது. இத்தனை முறை ஏற்றிய அளவை நல்ல மருந்தில் போட்டிருந்தால் ஆள் சுருண்டு விழுந்திருப்பார். அன்றைக்கே மாஸ்டரை டாக்டரம்மா முன்னால் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா பழைய சீட்டைக் கிழித்துப் போட்டார். பிறகு புது மருந்து கொடுத்து, அளவை வெகுவாகக் குறைத்தார். குப்பியை ஒரு டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிடச் சொன்னார். "தலை சுத்தினா, கை நடுங்கினா உடனே வாயில போடணும்" என்று சட்டைப்பையில் இரண்டு மிட்டாயையும் வைத்து அனுப்பினார்.

சர்க்கரை இறங்கியது. புண் ஓரத்திலிருந்து சிவந்து, தோல் மூட ஆரம்பித்தது. விரல் தப்பித்தது.

அந்த வாரம் துணி ஊறவைக்கச் சட்டைப்பையைத் துழாவிய மனைவியின் கையில் மிட்டாய் இரண்டும் அகப்பட்டன.

"இது என்ன?"

"டாக்டரம்மா வச்சுக்கச் சொன்னாங்க."

"சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் மிட்டாய் கொடுத்தாங்களாக்கும்!"

மாஸ்டர் பொறுமையாக முதலிலிருந்து சொன்னார். ஐஸ் பெட்டியில் வைத்ததால் மருந்து கெட்டுப்போனதையும் சொன்னார். அவள் இடுப்பில் கைவைத்து முழுவதையும் கேட்டாள்.

"ஐஸ்ல வச்சா ஒரு பொருள் கெட்டுப்போகுமா? ஏங்க, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?"