பதினாலு மாதம்

பிரசவ தேதி நவம்பர் பத்தொன்பது என்று மருமகள் ஸுரா சொன்னதும், மாமியார் சைக்கால் மாவு ஒட்டிய விரல்களை மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள். பிப்ரவரியில் விரல் நின்றது.

“என் பையன் அக்டோபர்லயே ரஷ்யாவுக்குப் போயிட்டானே. இது யாரோடதுடி?”

குழந்தைக்காகச் செய்துகொண்ட சிகிச்சையைப் பற்றி வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று ஸுராவிடம் கணவன் மிர்லான் கெஞ்சிவிட்டுப் போயிருந்தான். குறை அவனிடம் இருந்தது.

“உங்க பையனோடதுதாம்மா. செப்டம்பர்லயே பிஷ்கேக் ஆஸ்பத்திரியில கருவாக்கி, உறைய வச்சிருந்தாங்க. மார்ச் மூணாம் தேதி எனக்குள்ள வச்சாங்க. அதை வச்சுத்தான் டாக்டர் தேதி குறிச்சாங்க.”

சைக்கால் மறுபடி எண்ணினாள்.

“செப்டம்பர்லேர்ந்து பதினாலு மாசம் ஆகுது. என் குதிரையே பதினோரு மாசத்துல குட்டி போட்டுடும்.”

ஸுரா சிரிக்கவில்லை.

“குறை யாருக்கு?” என்று சைக்கால் கேட்டாள்.

“எனக்குன்னே வச்சுக்குங்க.”

சைக்கால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாவைப் பிசையத் தொடங்கினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அய்ச்சுரேக் வந்து விசேஷம் விசாரித்தாள். ரஷ்யாவிலிருந்து வராத மகன், பிப்ரவரிக் கடைசியில் பிஷ்கேக்குக்கு வந்து ஸுராவோடு ஒரு வாரம் தங்கிப் போனான் என்று சைக்கால் அவளிடம் சொன்னாள். மதியம் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினாள். மாலையில் பனி பெய்தது.