பெல்ட் இறுக்கிவிட்டவர்

மணற்காட்டு மணல்மேடுகளில் பயணிகளை ஏற்றி, திறந்த பக்கி மோட்டார் வண்டி ஓட்டும் அவருக்குப் புருவமெல்லாம் மணல். ஏறுகிறவர்களின் பெல்ட்டுக்குள் விரல்விட்டுப் பார்ப்பார். தொளதொளத்தால் மூச்சு முட்ட இறுக்குவார்.

எனக்கு எதற்கும் பயம். பெல்ட்டை நம்பாமல், மூன்று வயது மகளை என் மடியில் இருத்திக்கொண்டேன்.

அவர் என்ஜினை நிற்பாட்டினார். "பிள்ளையை இறக்குங்கோ, தங்கச்சி."

"பெல்ட்டைவிட இவா இறுக்கிப் பிடிப்பா, அண்ணை!" என்று பின்சீற்றிலிருந்து என் கணவர் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. "வண்டி பிரண்டால் கை தாங்காது. பிள்ளையின்ரை அளவுக்கு இதிலை பெல்ட்டும் இல்லை."

"அழுவாளே, அண்ணை!" என்றேன் நான்.

"அழட்டும். அழுற பிள்ளை உயிரோடை வீட்டை போகும்."

மகளும் நானும் இறங்கினோம். வீடு திரும்பும் வழியில், எங்கள் ஊர் பண்டத்தரிப்பு வரும்வரை மகள் கத்திக்கொண்டே வந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க என் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது.