ஒரே வீடு, மூன்று நாடு: கிளென் ஈடனில் ஒரு ஞாயிறு

கல்லறைத் தோட்டத்துக்கு யாராவது பயணக் கட்டுரை எழுதுவார்களா என்று கேட்காதீர்கள். நாங்களும் அங்கே போகவென்று புறப்படவில்லை. கலியாணம் பேசத்தான் புறப்பட்டோம்.

விஷயம் இதுதான். என் மகள் மதுராவும் மார்க்கோவும் மூன்று வருடமாக விரும்புகிறார்கள். மார்க்கோவின் குடும்பம் குரோவேஷியாவின் டல்மேஷியாக் கரையிலிருந்து நியூசிலாந்துக்கு வந்து மேற்கு ஆக்லாந்தில் திராட்சைத் தோட்டம் போட்டவர்கள். பையனுக்குத் தாய் இல்லை. தகப்பன் ஈவானுக்கு எழுபது தாண்டிவிட்டது. மனிதர் இந்தச் சம்பந்தத்துக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பா வாய் திறந்து சம்மதம் சொல்லாமல் கலியாணம் இல்லை என்று மார்க்கோ ஒரே பிடியாக நிற்கிறான். என் பிள்ளை சாப்பாடு தண்ணி இல்லாமல் வாடிப்போனாள். கடைசியில் இந்த மே மாதம் வீட்டுக்கு வரச்சொல்லி ஈவானிடமிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு காலை பத்து மணி.

போகிற இடத்தைப் பற்றிப் படிக்காமல் போவது என் பழக்கமில்லை. போகப்போவது அதே மேற்கு ஆக்லாந்தில் அவர்கள் இருக்கும் கிளென் ஈடனுக்கு. நான் படித்ததோ பால்கன் நாடுகளைப் பற்றி. பால்கன் என்றால் துருக்கி மொழியில் மரமடர்ந்த மலையாம். ஒரு மலைத்தொடரின் பெயரைத் தூக்கி ஒரு தீபகற்பம் முழுவதற்கும் ஒட்டிவிட்டார்கள். அங்கே இருக்கிற பலருக்கு அந்தப் பெயரே பிடிப்பதில்லை. குரோவேஷியா என்று உலகம் சொல்கிறது, அவர்கள் தங்கள் நாட்டை ஹர்வாட்ஸ்கா என்கிறார்கள். மாண்டினீக்ரோ என்பது இத்தாலிப் பக்கத்தார் சொன்ன பெயர். உள்ளூர்ப் பெயர் வேறு, ஆனால் இரண்டுக்கும் கருமலை என்றுதான் பொருள். மாசிடோனியா பக்கத்து வீட்டுக் கிரேக்கத்தோடு வருடக்கணக்காக இழுபறிப்பட்டு வட மாசிடோனியா ஆனது. தென் ஸ்லாவியரின் நாடு என்ற பொருளில் யூகோஸ்லாவியா என்று ஒன்று இருந்ததும், அது இரத்தக்களரியாக உடைந்ததும் நமக்குத் தெரிந்த கதை.

"அப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அந்த வீட்டில யூகோஸ்லாவியா எண்டு மட்டும் வாய் திறக்காதேங்கோ" என்றாள் மதுரா. இவள் தமிழில் கெஞ்சினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

எனக்கு அது விளங்காமல் இல்லை. நான் பிறந்தபோது என் நாடு சிலோன், பள்ளிக்கூடம் போகும்போது ஸ்ரீ லங்கா. தமிழில் எப்போதும் இலங்கைதான், பாஸ்போர்ட்டுக்காரருக்குத்தான் பெயர் மாறியது. இங்கே யாராவது "நீங்கள் இந்தியரா?" என்று கேட்டால் எனக்கே சுர்ரென்று ஏறும்.

தெற்கு ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் பாபடோயிட்டோயிலிருந்து கிளென் ஈடன் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். ஞாயிறு காலையில் காரில் அரை மணித்தியாலம் போதும், வழியில் சுங்கம் எதுவும் இல்லை. என் மனைவி வசந்தி பயத்தம் பணியாரத்தோடு, வழியில் ஒரு டெய்ரியில், இங்கே தெருமுனைச் சில்லறைக் கடைக்கு அதுதான் பெயர், காரை நிறுத்தச் சொல்லி, பெரிய கட்டாக மஞ்சள் செவ்வந்தியும் வாங்கிக்கொண்டாள். மே மாதத்தில் எந்த டெய்ரி வாசலிலும் செவ்வந்திதான். "நல்ல காரியத்துக்குப் போறம், மங்களமா இருக்கட்டும்" என்றாள்.

கதவைத் திறந்த ஈவான், வசந்தியின் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த மார்க்கோவின் முகம் வெளுத்தது. அவன் மதுராவின் காதில் சொன்னதை அவள் எங்கள் காதில் சொன்னாள்: அவர்கள் வழக்கத்தில் செவ்வந்தி செத்தவர்களுக்குக் கொண்டுபோகிற பூ.

"ஐயோ முருகா, நான் பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன்" என்றாள் வசந்தி.

ஈவான் பேசியது ஆங்கிலம். எனக்கு அது எங்கள் தமிழில்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே தருகிறேன். "உங்கட ஆக்கள் இந்தப் பூவை என்னத்துக்குப் பாவிக்கிறவை?" என்று கேட்டார். சாமிக்கு, கலியாண வீட்டுக்கு என்று வசந்தி சொன்னாள். அவர் உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்கோ. என்ர மனுசிக்குக் கொண்டுபோய் வைப்பம்."

அப்படித்தான் கிளென் ஈடன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். டல்மேஷியர் பகுதியில் நடந்தால் அந்தப் பிரதேசத்தின் பெயர் வரலாறு முழுவதும் கல்லில் கிடக்கிறது. ஈவானுடைய தாத்தாவின் கல்லில், பிறந்த நாடு ஆஸ்திரியா என்று இருந்தது. அடுத்த கல்லைக் குனிந்து பார்த்த நான், படிக்கிற வேகத்தில், சத்தமாக "யூகோஸ்லாவியா" என்று வாசித்துவிட்டேன். மதுரா என் முழங்கையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது.

ஈவான் சிரித்தார். "அது என்ர அப்பா. கல்லில இருக்கிறதைத்தானே வாசிச்சனீங்கள்? தாத்தா, அப்பா, நான், மூண்டு பேரும் ஒரே வீட்டில பிறந்தனாங்கள். வீடு ஒரு அடி நகரேல்லை. நாடுதான் வந்து வந்து போச்சு, இப்ப அது குரோவேஷியா. தாத்தா முதல்ல தனிய இஞ்ச வந்து, ஊருக்குப் போய், பிறகு எங்களோட திரும்பி வந்தவர். முதல் உலகப் போரில அவரை இஞ்ச எதிரி நாட்டான் எண்டவை. அவருக்கு ஆஸ்திரியா எந்தப் பக்கம் எண்டே தெரியாது."

அவர் மனைவியின் கல்லில் நாடே இல்லை, ஊர்ப் பெயர் மட்டும். என்னைப் பார்த்து "நீங்கள் எவடம்?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். அது எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை. அந்த மனிதரை எனக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மனம் வராது. நுழைவுக் கட்டணம் இல்லை. இடம் மிகப் பெரிது, நல்ல சப்பாத்து போடுங்கள். எங்கள் பக்கமிருந்து ரயிலில் வருவதென்றால் நகரத்தில் மாற வேண்டும். வார இறுதியில் பாதை வேலை என்று பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், முதலே பார்த்துக்கொள்ளுங்கள். கல்லில் இருக்கும் நாட்டுப் பெயரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். அது பெரும்பாலும் அந்த நேரம் நாட்டை ஆண்டவன் வைத்த பெயர்.

வசந்தி பூவை வைத்துக் கைகூப்பினாள். ஈவான் பக்கத்தில் இருந்த வெறும் புல்தரையைக் காலால் அளந்தார். "இது எனக்கு வாங்கின இடம். அங்கால மார்க்கோவுக்கு." இன்னும் இரண்டடி தள்ளி நின்று மதுராவைப் பார்த்தார். "இது உனக்கு, பிள்ளை. போன கிழமைதான் காசு கட்டினனான்."

வசந்தி என் விலாவில் இடித்தாள். "இஞ்சேருங்கோ, கலியாணம் பேச வந்த இடத்தில பிள்ளைக்குக் குழியைக் காட்டுறாரே மனுசன்! நாங்கள் எரிக்கிற ஆக்கள் எண்டு சொல்லுங்கோ!"

மதுரா அதற்குள் ஓடிப்போய் அந்தக் கிழவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"வசந்தி, மனுசன் ஓம் எண்டிட்டார்" என்றேன்.