வடையும் தண்ணீரும் வருகிறதாம்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து என் கணவர் பெரிய நடைவீரர். கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில்தான் கதைப்பார். நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் மரக்கறி வாங்கி, கோயிலுக்குப் போய், பக்கத்து ஃபிளாட்டோடு சண்டையும் பிடித்து ஒரு ஆயுளைத் தமிழிலேயே ஓட்டிவிடலாம். அதனால் என் சிங்களம் விலை கேட்கும் ‘கீயத’வோடு சரி. இவருடையதோ கந்தோர் வேலையில் தீட்டிய சிங்களம். டொக்டர் சொன்னதை இவர்தான் எனக்குத் தமிழாக்கித் தருவார். கடைசியாகத் தந்தது: எல்லாம் கிளியர், நல்லா நடக்கட்டாம்.

வீட்டுக்குக் கிட்ட இருக்கும் மரீன் டிரைவில் நடந்தால் ஆகாதா? ஆகாது. தெற்குக் கரையில் காட்டுக்குள்ளால் போய்க் கடற்கரையால் திரும்பி வரும் வட்டப்பாதை ஒன்றை யாரோ வெள்ளைக்காரன் யூடியூபில் நடந்து காட்டிவிட்டான். இவர் தொப்பி வாங்கினார். தடியும் வாங்கினார். நான் பாட்டா செருப்போடு பின்னால் போனேன்.

காட்டுக்குள் ஒரே நுளம்பும் சேறும். மூச்சு வாங்கும்போதெல்லாம் குருவி பார்ப்பதாகச் சொல்லி நின்றார். நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு காகத்தைக்கூடக் காணவில்லை.

கடற்கரைக்கு இறங்கியதும், தோணியை மேலே இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் கடலைக் காட்டி, "மஹத்தயா, வடதிய எனவா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னவாம் என்று கேட்டேன்.

"வடையும் தண்ணியும் வருதாம்," என்றார் இவர். "தோணியில கொண்டு வருவாங்களாக்கும்."

காலிமுகத்திடல் இறால் வடை என் கண்ணுக்குள் வந்தது. பொய் சொல்வானேன், வாயும் ஊறியது. இரண்டு பேரும் ஒரு பாறையில் குந்தியிருந்து வடைக்குக் காவல் இருந்தோம். வந்தது கடல். நாங்கள் திரும்ப வேண்டிய மணல் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. முழங்கால் நனைந்த பிறகுதான் மொழிபெயர்ப்பு திருத்தப்பட்டது. "திய எண்டா தண்ணிதான். வட எண்டா கூடுறது போல," என்று முணுமுணுத்தார். "தண்ணி கூடுது எண்டிருக்கிறான்."

காட்டு மேட்டில் திரும்ப ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேரொன்றில் இருந்துவிட்டார். இந்த முறை குருவி பார்க்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. தண்ணீர் பருக்கி, மூச்சுச் சீராகும்வரை முதுகைத் தடவிவிட்டேன். பிறகு கேட்டேன்.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு டொக்டர் உண்மையா என்ன சொன்னவர்?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இன்னொரு குழாயும் அடைச்சிருக்காம். நெஞ்சைத் திறந்துதான் செய்யோணுமாம். நடக்கிறதெண்டா மெல்லமா வீட்டுக்குள்ள நடக்கட்டாம்."

அந்தச் சிங்களம் அவருக்கு ஒரு சொல் பிசகாமல் விளங்கியிருந்தது.