இரண்டு மாதிரிகளுக்கு நடுவே

வீட்டில் அவளுக்கு மூக்கி என்று பெயர். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறாள் என்று அண்ணன் வைத்தது. கிடைத்த வேலையும் அதற்கேற்றதுதான். தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்கிறவர்கள் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு சின்ன மெஷின் உண்டு. அது மெல்லக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அதைச் செய்யும் கம்பெனியில் மூக்கி புரோகிராம் எழுதினாள். மெஷினுக்குள் இருந்துகொண்டு கால் மணிக்கு ஒரு தடவை அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கிற ‘கிளாஸ்’ என்கிற புரோகிராம் துண்டு அவள் எழுதியது. மோட்டார் எவ்வளவு திணறுகிறது, காற்று கசிகிறதா என்று சில நொடி மாதிரி எடுத்துச் சேர்த்து, நாளுக்கொரு முறை கம்பெனிக்கு அனுப்பும். நெட் இல்லையென்றால் பத்திரமாக வைத்திருந்து, கிடைத்ததும் அனுப்பும்.

“கிளாஸ் எழுதறேன்னா, எந்த ஸ்கூல்லன்னு கேக்கறாங்கண்ணா அம்மா” என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

முதல் மெஷினை அண்ணனுக்குத்தான் கொடுத்தாள். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பகலெல்லாம் பிரேக் பிரேக் என்று கத்திவிட்டு வந்து குறட்டை விட்டால் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லும்.

“என் மூச்சு மேல உனக்கு என்னடி உளவு வேலை?” என்றான்.

“மூச்செல்லாம் தெரியாதுண்ணா. மோட்டார்தான் தெரியும்.”

அது முழு உண்மை இல்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் மோட்டார் ஒரு துளி கூடுதலாக உழைக்கும். பழகின கண்ணுக்கு அது தெரியும்.

அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டான். இதயம் என்றார்கள். அண்ணிக்கு அன்று இருமல். அவனை எழுப்ப வேண்டாமென்று ஹாலில் சோபாவில் படுத்திருந்தாள். காலையில் போய்ப் பார்த்தபோது முகத்தில் மாஸ்க் அப்படியே இருந்தது. மெஷின் ஊதிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அண்ணி அந்த அறையில் படுக்கவில்லை. “என்னைக் கூப்பிட்டிருப்பாரோ?” என்று யார் வந்தாலும் கேட்பாள்.

சில மாதம் கழித்து ஒரு காலை, ஆபீஸில் டீயோடு உட்கார்ந்தவள் திரையைப் பார்த்தாள். அண்ணனின் மெஷினிலிருந்து தகவல் வந்திருந்தது. மெஷின் எண்ணை இன்னொரு தடவை சரிபார்த்தாள். தன் புரோகிராம்தான் பழைய தகவல் மூட்டையை மறுபடி அனுப்புகிறதோ என்று வரிவரியாகத் தேடினாள். தப்பு எதுவும் இல்லை. அண்ணிக்குப் போன் போட்டாள்.

“ஆமா, நான்தான் போட்டேன்” என்றாள் அண்ணி. “எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்கலாமேன்னு. ஓடுதான்னு பாத்தேன். ஏன்?”

அப்போதுதான் மூக்கிக்கு உறைத்தது. அண்ணன் இறந்துபோன அந்த வாரம் வீட்டில் வைஃபை கெட்டிருந்தது. கடைசி நாட்களின் மாதிரிகளையெல்லாம் மெஷின் வயிற்றிலேயே வைத்திருந்து, இப்போது சொன்ன சொல் தட்டாமல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.

திறக்காமலே விட்டிருக்கலாம். மூக்கியாயிற்றே, திறந்தாள். ஒரு மாதிரியில் மோட்டார் ஏறி இறங்கியது: அண்ணனின் மூச்சு. அடுத்ததில் ஏற்ற இறக்கமே இல்லை. விடியும்வரை அப்படியேதான். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அடிக்கடி எடுத்தால் இடம் அடைக்கும், கால் மணி போதும் என்று அவள்தான் சொன்னாள். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு அண்ணி வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கஷ்டப்பட்டாரா?”

“அது தெரியாது அண்ணி. ஒண்ணு மட்டும் தெரியும். கூப்பிடணும்னா மாஸ்க்கைக் கழட்டியிருப்பான். கழட்டினா காத்து கசியும். விடியற வரைக்கும் எந்த மாதிரியிலயும் கசியவே இல்ல.”

“கழட்டல?”

“கழட்டல.”

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாளில் அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “அந்தக் கால் மணி நேரம் என்ன நடந்ததுன்னு...” என்று தொடங்கி, மூக்கியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “சரி, விடு. சாப்பிட்டியா?”

அந்த வாரமே அண்ணி படுக்கையறை ஜன்னலைத் திறந்து, புது விரிப்புப் போட்டு, உள்ளே படுக்கத் தொடங்கினாள். நன்றாகத் தூங்குவதாகப் போனில் சொன்னாள். மெஷின் எதிர்வீட்டுக்குப் போயிற்று.

அண்ணியை விட்ட பாரம் மூக்கியின் தோளில் ஏறிக்கொண்டது. ஆபீஸில் மாதிரி என்று யாராவது சொன்னால் எழுந்து டீ எடுக்கப் போய்விடுவாள். ஞாயிறு மத்தியானம் கணவர் கண்ணயர்ந்தால் அறை வாசலில் நின்று அவர் மார்பையே பார்ப்பாள். ஏறும், இறங்கும். அதோடு நகர மாட்டாள், அடுத்ததற்கும் நிற்பாள்.

“என்ன, இருக்கேனா போயிட்டேனான்னு பாக்கறியா?” என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

“இல்லீங்க, ஃபேனைக் குறைக்கலாமான்னு பாத்தேன்” என்பாள்.