ஒல்லாந்தர் தெருவில் ஒரு பெரிய வீடு

வீட்டை விற்பது சுலபம். அதில் குடியிருப்பவரை வெளியே வர வைப்பதும், வாங்குகிறவரை அதற்குள் போக வைப்பதும்தான் கஷ்டம்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் காருக்குள் ஏற்றிக்கொண்டு வாங்குவதற்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாசலில் சிரித்தபடி நின்று உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டிருப்பானே ஒருவன், அவன்தான் நான். மெல்பேர்னில் டண்டினொங் பக்கம் எனக்கு இதுதான் வேலை. விற்ற வீடுகளில் பாதி மறந்துபோய்விட்டது. கொரி என்ற மூதாட்டியின் வீடு மறக்கவில்லை.

மூடாத ஜன்னல்

டண்டினொங்கிலிருந்து மலைப்பக்கம் போகும் வழியில் ஒரு தெரு. போருக்குப் பின் கப்பலேறி வந்த நெதர்லாந்துக்காரர்கள் சிலர் அக்கம்பக்கமாகக் காணி வாங்கிக் கட்டிய வீடுகள். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒல்லாந்தர் தெரு என்றே பெயர். கொரியின் கணவர் ஹெங்க் தச்சர். ஐந்து அறை, சுற்றிவரத் தோட்டம், யாருடைய சுவரிலும் முட்டாத தனி வீடு. எல்லாம் அவர் கையால் கட்டியது. இப்போது அவருக்கு நினைவு தப்பிப் போய், முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே இருவர் தங்கும் அறை ஒன்று காலியாகப் போகிறது என்று சொன்னார்கள். கொரியும் அங்கே அவரோடு இருக்க வேண்டுமென்றால் வீட்டைச் சீக்கிரம் விற்க வேண்டும்.

முன்னறை ஜன்னல் சுவரளவு அகலம். திரை கிடையாது. தெருவில் நாயைக் கூட்டிப் போகிறவர் கொரியின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். விளம்பரத்துக்குப் படம் எடுப்பதற்கு முன் ஒரு நல்ல திரை போடுவோம், வாங்க வருபவர்கள் மறைவை விரும்புவார்கள் என்றேன். தங்கள் ஊரில் யாரும் திரை போடுவதில்லை என்றார் கொரி. நான் விடவில்லை. கோப்பியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வயதில் மறைத்து வைத்துச் செய்கிற மாதிரி என்ன செய்துவிடப் போகிறேன், ரவி?"

கழிவறையில் ஒரு நாட்காட்டி

வீடு பார்க்க வரும் நாளில் சொந்தப் படங்களையெல்லாம் கழற்றி வைக்கச் சொல்வது வழக்கம். கொரி எல்லாவற்றையும் கழற்றினார், கழிவறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் தவிர. அதில் உறவினர், நண்பர், அயலவர் எல்லாருடைய பிறந்தநாளும் இருந்தது. தினமும் உட்காருகிற இடத்தில் மாட்டினால்தான் மறக்காது என்பது அவர்கள் வழக்கமாம்.

வெரிபீயிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், இருவருக்கும் கணினி வேலை. கணவர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். கழிவறைக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. ஈசானி மூலையில் கழிவறை இருக்கலாமா என்று என்னிடம் கேட்டார். எனக்கு விற்கத்தான் தெரியும், மூலையை நகர்த்தத் தெரியாது. உள்ளே போன மனைவி நாட்காட்டியை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னார்:

"பக்கத்து வீட்டுக்காரர் பொறந்தநாளைக்கூட மறக்கக் கூடாதுன்னு இங்க எழுதி வச்சிருக்காங்க. நேத்து எனக்குப் பொறந்தநாள், தெரியுமா?"

அந்த வீட்டை அவர்கள் வாங்கவில்லை. அன்று மாலை ஒரு புடவையாவது வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

லாச்சி

அடுத்த கிழமை சிவநேசன் வந்தார், மனைவி கலாவோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும். யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாகப் படகில் வந்தவர். டண்டினொங்கில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. நெடுங்காலம் தற்காலிக விசாவில் இருந்து, அண்மையில்தான் நிரந்தரம் கிடைத்திருக்கிறது. வாடகை வீட்டில் ஆணி ஒன்று அடிக்கவும் அனுமதி கேட்டு வாழ்ந்த குடும்பம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எதையும் தொடாமல் நடந்தார்கள்.

குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில்தான் கலாவால் பொறுக்க முடியவில்லை. ஹெங்க் செய்த மர இழுப்பறையை மெல்ல இழுத்துப் பார்த்து, "இஞ்சேருங்கோ, லாச்சி எவ்வளவு ஆழம்" என்றார். கொரி சட்டென்று திரும்பினார். என்ன சொன்னீர்கள், லாச்சேயா என்று கேட்டார். அவர்கள் மொழியிலும் சின்ன இழுப்பறைக்கு அதே பெயர்தானாம். கலாவுக்கு நம்ப முடியவில்லை. சிவநேசன் யோசித்து, அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோர் என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தார். அதுவும் அவர்களுடையதுதான் என்று கொரி சிரித்தார். மூன்றாவதாக ஒரு சொல் எனக்குத் தெரியும். அது கழிவறைக்கு உரியது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். கொரி எல்லாருக்கும் கோப்பி ஊற்றினார், ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டோடு. வெளியே வந்ததும் சிவநேசன் என்னிடம் சொன்னது:

"அண்ணை, யாழ்ப்பாணத்தில கோட்டையைக் கட்டினவையின்ர வீட்டுக்குள்ள இண்டைக்குத்தான் கூப்பிட்டு இருத்தினவை."

ஏலம்

ஏல நாளில் போட்டி இருவருக்கிடையில்தான். ஒருபக்கம் சிவநேசன். மறுபக்கம் வீட்டை இடித்து நான்கு வீடு கட்ட நினைத்த ஒப்பந்தக்காரர். சிவநேசனின் கை நாலைந்து தரம் உயர்ந்தது. பிறகு கலா அவர் முழங்கையைத் தொட்டார், கை இறங்கிவிட்டது. ஒப்பந்தக்காரர்தான் மேலே நின்றார், ஆனாலும் கொரி எதிர்பார்த்த விலை வரவில்லை. அப்படியானால் கூடுதலாகக் கேட்டவரோடு முதலில் பேச வேண்டும். கொரி கேட்ட விலையைத் தருகிறேன், ஆனால் இடிக்க அனுமதி கிடைத்த பிறகுதான், ஒரு வருடம் ஆகும் என்றார் ஒப்பந்தக்காரர். அதிலிருந்து இறங்கி வரவில்லை.

ஒப்புக்கொள்ளுங்கள் என்றார் என் மனேஜர். கொரி குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். போகவில்லை. காருக்குள்ளேயே இருந்தார்கள், பிள்ளைகளும்கூட. நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். சிவநேசன் இன்னும் கொஞ்சம் ஏறினார். ஒப்பந்தக்காரரின் விலைக்கு அது எட்டவில்லை. ஆனால் அடுத்த மாதமே வீட்டை எடுக்க அவரால் முடியும். அவசரப்பட வேண்டாம் என்று மனேஜர் கொரிக்குக் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கொரி கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"ஒரு வருடம் என்பது ஹெங்குக்கு நீளம். எனக்கும் காலையில் தனியாகக் கோப்பி குடித்து அலுத்துவிட்டது."

திறப்புக் கொடுத்த நாள்

வீட்டுச் சாவியைக் கைமாற்றிய அன்று ஹெங்கையும் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார் கொரி. வரவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன்; மனிதர் கலங்கிவிடுவார் என்று எனக்குப் பயம். அவர் கலங்கவில்லை. எதுவும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சிவநேசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகக் காட்டினார், விருந்தாளிக்குக் காட்டுவதுபோல. கொரி கூடத்திலேயே நின்றுவிட்டார்.

கூடத்துக்குத் திரும்பும் கதவு நிலையருகே ஹெங்க் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். மரத்தை விரலால் தடவி, மூட்டை அழுத்தி, விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். நல்ல வேலை, யார் செய்தது என்று கேட்டார். சிவநேசன் அவர் முன்னால் குந்தியிருந்து, நீங்கள்தான் ஐயா செய்தது என்றார். கொரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிழவர் சிவநேசனை உற்றுப் பார்த்தார். பிறகு, வேலையை முடித்துக் கொடுக்கிற தச்சரின் குரலில் சொன்னார்:

"அப்படியென்றால் பயப்படாமல் இரு. மழை உள்ளே வராது."

இத்தனை பேரை வீட்டுக்குள் அனுப்பிவைத்த நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன் என்பதை மட்டும், வாங்க வருகிற எவரிடமும் நான் சொல்வதில்லை.