கமீலாவின் சாரியும் மசூரின் கித்தாரும்

சாரியை விற்றான் என்று சொல்கிறவர்கள் எந்தக் கடையில் விற்றான் என்றும் சொல்ல வேண்டும். என் மகள் கமீலாவின் மூன்று சாரிகளை என் மருமகன் மசூர் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோனது உண்மைதான். காரைதீவில் ஒருத்திக்குக் கொடுத்தான் என்பது சுத்தப் பொய். அடுத்த வீட்டுச் சுஹறாதான் அதைக் கல்முனைக்குடி முழுக்கக் கொண்டுபோனவள்.

"ராத்தா, நீங்க கண்ண மூடிட்டு இரிக்கீங்க," என்றாள் என்னிடம்.

"நான் காதத் திறந்து வெச்சிரிக்கன் புள்ள. அது உனக்கு விளங்காது."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் மசூர் எங்கள் வீட்டுக்கு வந்தான். தோளில் கித்தார், கையில் அவனே பலகை அறுத்துச் செய்த ஸ்பீக்கர் பெட்டி. என் புருஷன் முகம்மது தம்பி வயல்காரர். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"மருமகன், பெரும்போகம் விதைக்கிறதுக்குள்ள இந்தக் கித்தாரால ஒரு நிரந்தர வேல வரணும். வராட்டி அத வித்துப்போட்டு என்னோட வயலுக்கு வாங்க."

"ஓம் மாமா," என்றான் மசூர். சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை அவன். எனக்குப் பயமே அதுதான்.

பாண்டிருப்பில் குணம் என்பவருடைய இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தான். ஊர் ஊராகப் போகும் கொழும்புக் குழு ஒன்றுக்குக் கித்தார்க்காரர் தேவை என்று குணத்துக்குத்தான் தெரிந்திருந்தது. ஆனால் மசூரின் பெயரைச் சொல்லத் தயங்கினார்.

"உம்மட விரல்ல குறையில்ல மசூர்," என்றார். "ஊருக்கு ஊர் வேற ஆள் வந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. அதுதான் பிரச்சின."

அதுவும் சரிதான். வீட்டில் அவனுடைய பெட்டியில் வாசித்தால் சத்தம் இதமாக வரும். பள்ளிக்கூட மண்டபத்தில் அதே கித்தார் கிணற்றுக்குள் இருந்து கேட்கும். குழாய் ஸ்பீக்கர் கட்டிய இடத்தில் தகரத்தில் ஆணி கீறுவது போல இருக்கும்.

"மாமி, நம்மட வீட்டுச் சத்தம் உங்கட காதுக்குத்தான் நல்லாத் தெரியும். வந்து கேட்டுச் சொல்லுங்க," என்று பாலமுனைக் கலியாண வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனான். சத்தம் மந்தமாக இருந்தால் நான் பெண்கள் பக்கத் திரைக்குக் கீழால் கையை நீட்ட வேண்டும் என்று பேச்சு. மந்தமாகத்தான் இருந்தது. நீட்டினேன். அவன் கூர்மையைக் கூட்டினான். அப்போதும் மந்தம். மறுபடியும் நீட்டினேன். கடைசியில் ஆண்கள் பக்கம் காதைப் பொத்திக்கொண்டு எழும்பினார்கள். "கித்தார் வாசிக்கிறானா, தகரம் வெட்டுறானா?" என்று மாப்பிள்ளையின் சாச்சா கேட்டது எங்கள் பக்கத்துக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். மந்தம் என்றேன் நான். காது கிழிந்தது என்றான் அவன். கமீலா கொடியில் உடுப்புப் போட்டபடி சொன்னாள்:

"ரெண்டு பேருக்கும் நடுவுல அவ்வளவு பெரிய திரை தொங்கினது. அது தெரியல்லயா?"

குறை என் காதில் இல்லை, திரையில்தான். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

மசூர் கொடியில் கிடந்த சாரியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டு வாசித்தான். கூர்மை அடங்கியது. இரண்டாக மடித்தான், இன்னும் அடங்கியது. அன்றிலிருந்துதான் சாரிகள் சைக்கிளில் ஏறின. குழாய் ஸ்பீக்கருக்கு இரண்டு மடிப்பு. வெறும் மண்டபத்தில் ஒரு மடிப்பு. சனம் வந்து நிறைந்தால் சனமே கூர்மையைக் குடித்துவிடும் என்று அதையும் எடுத்துவிடுவான். பலகை மேடை உறுமினால் பெட்டியை மர வாங்கின் மேல் தூக்கி வைப்பான். நீள வயரோடு சனம் இருக்கும் இடத்துக்கே போய் நின்று கேட்பான்.

விதைப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது குணம் அந்தக் குழுவை நடத்தும் கொழும்புக்காரரை வரவழைத்தார். வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கேட்டவர், "நல்லா இருக்கு. வெளியில எப்படி என்று பார்த்துத்தான் சொல்லுவன்," என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு விநாயகபுரம் கடற்கரை மைதானம். நாங்களும் போயிருந்தோம். குழாய் ஸ்பீக்கரை உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கட்டியிருந்தார்கள். மசூர் சாரியை அதன் முன்னால் தொங்கவிட்டான். காற்று விட்டால்தானே. சாரி எழும்பினால் தகரம், விழுந்தால் கித்தார். கொழும்புக்காரர் முகத்தைச் சுளித்தார். கமீலா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

என் பக்கத்தில் நின்ற புருஷனைக் காணவில்லை. பார்த்தால், அந்த இழுவைப் பெட்டியில் ஏறிச் சாரியின் கீழ்க் கரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பெரிய வயல்காரரான மூன்று போடியார்மார் பார்த்துக்கொண்டிருக்க.

"என்ன காக்கா, சாரி காயப்போடுறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம், ஈரம். கொஞ்சம் பேசாம இரிங்க," என்றார் இவர்.

அதற்குப் பிறகு வந்தது எங்கள் வீட்டுச் சத்தம். கண்ணை மூடினால் என் குசினியில் நிற்பது போல இருந்தது. நான்கு பாட்டு முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

"மண்டபத்தில கேட்டதும் இதுவும் ஒரே ஆள்தான்," என்றார் கொழும்புக்காரர். "வாற திங்கள் கொழும்புக்கு வேலைக்கு வந்திருங்க தம்பி."

வண்டியில் திரும்பி வரும்போது என் புருஷன் கையை உதறி உதறிச் சொன்னார்: "நாத்துப் பிடுங்கினாலும் இப்பிடி உளையாது."

திங்கள் விடிய, சுபஹு தொழுகைக்குப் பிறகு மசூர் வெளிக்கிட்டான். குடிவந்த மாப்பிள்ளை பெட்டியோடு வெளியேறினால் கலியாணம் முறிந்தது என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். அதனால் பின்வழியால் போகப் பார்த்தான்.

"தெருக்கதவால போங்க மருமகன். நான் வாறன்," என்று என் புருஷன் ஸ்பீக்கர் பெட்டியைத் தன் சைக்கிளில் ஏற்றினார். கொழும்பில் அறை கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாக மசூர் கமீலாவிடம் சொன்னான். அவள் சிரித்தாள். இரண்டு பக்க வேலியிலும் தலைகள் தெரிந்தன. நான் கதவை அகலத் திறந்துவிட்டேன். கொழும்பு பஸ் போகிற சத்தம் கேட்டபிறகு உள்ளே வந்து, பழஞ்சோற்றில் தயிர் விட்டு வயிறு நிறையத் தின்றேன்.